இரண்டைத் தவிர

செக்காலை ரோட்டில் ஃபிளக்ஸ் அடித்தவர்
'பரிமாற்று' என்பதைப் பிழையென்று நினைத்து
அவராகவே திருத்தி
'பரிமாறும் இயற்கணிதம்: ஆறு நாள் பயிலரங்கு'
என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார்.
மாற்ற நேரமில்லை. வாசலில் கட்டினோம்.
சமையல் கான்ட்ராக்ட் எடுத்த வயிரவன்
அண்ணாந்து படித்துவிட்டு
"நம்ம வேலதான் போல" என்றார்.

தவறில்லை.
அ-வை ஆ-வால் பெருக்கு, ஆ-வை அ-வால் பெருக்கு,
விடை ஒன்றே.
எது முந்தி எது பிந்தி என்ற வழக்கே இல்லாத நாடு
எங்களுடையது.
அதன் குடிமக்கள் நாற்பத்தொரு பேர்
காரைக்குடி வெயிலில் வந்து இறங்கியிருந்தார்கள்,
பாதிப்பேர் தப்பான பஸ் ஸ்டாண்டில்.
வரவேற்புக் குழு என்பது நான் ஒருத்திதான்.
டீ பில், தலையணை உறை, கரும்பலகை:
அதைக் கல்லுக்கட்டி டுடோரியலில்
வாடகைக்கு எடுத்திருந்தேன்.

புதன்கிழமை, பதினொன்றே கால்.
சீயத்தைக் கடித்தபடி போனைப் பார்த்த ருக்சானா
(இளையான்குடியிலிருந்து தினமும்
இரண்டு பஸ் மாறி வருகிறவள்)
மெல்லுவதை நிறுத்தினாள்.

யாரோ, எங்கோ ஒரு குளிர் தேசத்தில்,
பதினோரு பக்கத்தில்
ஓர் எதிர்க்காட்டு கண்டுபிடித்துவிட்டார்.
ஐந்து மாறிகள்.
ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யமாகிவிடும் உலகம்.
அந்த உலகத்தில் ஒரு வளையம், அதில்
சன்யாலின் ஊகம் பொய்.

தெபாஷிஷ் சன்யால் அப்போது
குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
எட்டு வருஷம். மதியம் இரண்டரைக்கு அவர் உரை.

செய்தி மாலை ஐந்துக்கு வந்திருந்தால்
இரண்டு மணி நேரமாவது
அவர் நிரூபித்தவராக இருந்திருப்பார்.
முந்தி பிந்தி இல்லையென்று
பேனர் கட்டியவர்கள் நாங்கள்.

சொல்ல வேண்டாம், சாப்பிடட்டும் என்று முடிவானது.
பந்தியில் நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தது.
அவர் வெண்டைக்காய் மண்டியில்
மொச்சையைத் தனியே ஒதுக்கி
வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.
எங்கள் நல்லெண்ணம் பூஜ்யமில்லை.
எங்கள் மௌனமும் பூஜ்யமில்லை.
பெருக்கிப் பார்த்தால் பூஜ்யம்.
அப்படிப்பட்ட வளையங்கள் உண்டு, எங்களுக்குத் தெரியும்,
பாடமே நடத்துகிறோம்.

ருக்சானாதான் எழுந்து போய்
அவர் இலைக்குப் பக்கத்தில் போனை வைத்தாள்.

வலது கையில் சோறு.
இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
நாலாம் பக்கம் வரை படித்தார்.
பிறகு, வந்து கற்றுக்கொண்ட ஒரே தமிழில்,
"கொஞ்சம் பாயசம்" என்றார்.
வயிரவன் இரண்டு கரண்டி ஊற்றினார்.

இரண்டரை.
தன் உரைத்தாள்களை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு
அந்த ஐந்து மாறிகளைப் பலகையில் எழுதினார்.
தன்னை வீழ்த்திய வளையத்தைத்
தன் கையாலேயே கட்டத் தொடங்கினார்.
வரிவரியாக ஓட்டை தேடினார், எங்களையும் தேடச் சொன்னார்.
கரண்ட் போனது. விசிறிகள் நின்றன.
யாரும் எழவில்லை.
சாக்பீஸ் தூள் அவர் முழங்கை வியர்வையில் இறங்கி
வெள்ளைக் கோடாக ஓடியது.
மூன்றேமுக்காலுக்கு
"அழகாக இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார்,
கோபமாக.

பிறகு பலகையின் வலது மூலையில், சின்னதாக,
ஒரு எழுத்து, ஒரு சமக்குறி, அதன் மேல் ஒரு வெட்டு,
ஒரு 2.
இரண்டைத் தவிர.
மற்ற எண்களில் இன்னும் உயிர் இருக்கலாம்.
இல்லாமலும் போகலாம்.
கேள்வி உண்டா என்றார்.
ருக்சானாவுக்கு மூன்று இருந்தன.
மூன்றாவதற்கு அவர் பதில் சொல்லவில்லை,
குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பேனரை அவிழ்த்தோம்.
வயிரவன் கணக்கில் பாயசம் ஒரு லிட்டர் கூடுதல்.
பலகையை ஒரு குட்டி லாரியில் நிற்க வைத்துக் கட்டி
கல்லுக்கட்டிக்கு அனுப்பினேன்.
டுடோரியல் வாத்தியார் போன் செய்தார்:
"மூலையில என்னமோ எழுதியிருக்கு. தொடச்சிரலாமா?"

சன்யாலைக் கூப்பிட்டேன்.
ரயில் புதுக்கோட்டையைத் தாண்டியிருந்தது.
இரைச்சலில் பாதிதான் கேட்டது:
"... ஐந்தாம் வரியை மட்டும் போட்டோ எடுத்து ..."

ஐந்தாம் வரியில்
அப்படி என்ன இருந்தது?
செருப்பை மாட்டிக்கொண்டு
கல்லுக்கட்டிக்கு நடந்தேன்.