ஏழாம் பாடம்

இரவு ஒன்றே முக்கால்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில்
முதுகலைப் பட்டயத்தின் ஏழாம் பாடம்: உறக்கம்.
பக்கத்தில் மூன்றாவது கோப்பி.

பதினெட்டு வருடம் மெட்ஃபார்மின் எழுதிய கை
இப்போது பயிற்சித்தாளில் தயங்குகிறது:
"நோயாளியிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?"

காலையில் குணாளன் வந்திருந்தார்,
பஸ் ஓட்டுநர், சர்க்கரை பதினான்கு.
போன மாதமென்றால் மாத்திரையைக் கூட்டியிருப்பேன்.
இன்று, இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்றேன்.
வேறு யாரையோ கேட்டதுபோல்
கதவைத் திரும்பிப் பார்த்தார்.
பிறகு,
கடைசி ட்ரிப் முடிந்து பதினொன்றரைக்கு,
நாசி கண்டார், நின்றபடியே,
அவள் போனதிலிருந்து
கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்றார்.

அதற்கு மில்லிகிராம் இல்லை.
பேனாவை மூடினேன்.
வெளியே எண் முப்பத்தொன்று காத்திருந்தது.

எழுந்தவர் கதவருகே நின்றார்:
"டாக்டர், நீங்க
ராத்திரி தூங்குறீங்களா?"