புள்ளி ஏழு ஆம்பியர்

ஆடிச் சாரலில் பகல் முழுக்க
கூரைத் தகடு மேகத்தையே மேய்ந்தது.
பெதப்பம்பட்டி தாண்டி, உழுது போட்ட காட்டோரம்
வேனை நிறுத்தும்போது மீட்டரில்
பன்னிரண்டு புள்ளி மூன்று.

"புள்ளி ஒன்னுக்குக் கீழ எறங்க விட்றாதீங்க,
பேட்டரி கெழடுதட்டிப் போயிரும்"
என்று கரூரில் பாடி கட்டியவர்
ஊசி போடும் டாக்டர் குரலில் சொல்லியிருந்தார்.

தலைக்கு மேலே காற்றாலை.
மூன்று இறக்கையும் ராத்திரியை
வெட்டி வெட்டி எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தன.
ஊருக்கே போதுமான கரண்டின் காலடியில்
ஒரு பல்பை அமத்தலாமா வேண்டாமா என்று
நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஃபேன் எதுக்குங்க? சன்னலத் தொறந்தா
பாலக்காட்டுக் காத்தே வந்து படுக்குது."
ஃபேன் நின்றது.
தண்ணி மோட்டாருக்குப் பதில் சொம்பு.
பிரிட்ஜில் அரை டம்ளர் தயிரும் ஒரு எலுமிச்சையும்தான்;
தயிரைக் குடித்துவிட்டு அதையும் அமத்தினேன்.
இருட்டில் கை கழுவும்போது
ஈஸ்வரமூர்த்தியின் கை தட்டுப்பட்டது.
நூல் மார்க்கெட் ஒட்டாத கை, என்று நினைத்தேன்.

எல்லாம் அமத்தியாச்சு.
ஆனாலும் மீட்டரில்
புள்ளி ஏழு ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது.

எதுவோ குடிக்கிறது.

பனியன் கம்பெனியில் பதினாறு வருசம் கணக்கு எழுதியவள் நான்.
ஏழு பைசா இடித்தாலும் லெட்ஜரை மூட மாட்டேன்.
டார்ச்சுக்கும் சார்ஜ் போகுமே என்று
வெறுங்கையால் தேடினேன்.
ரேடியோவின் நீலப் பொட்டு. பிடுங்கினேன். புள்ளி ஆறு.
கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி; அது இருக்கட்டும், உயிர்.
"விடு கோகிலா, காலைல பாத்துக்கலாம்."
இவ்வளவு சீக்கிரம் எதையும்
விடச் சொல்கிற ஆளில்லை இவர்.

கட்டிலுக்கு அடியில், போர்வை மூட்டைக்குப் பின்னால்
வெதுவெதுப்பாய் இருந்தது இன்வெர்ட்டர்,
அடைகாக்கும் கோழி மாதிரி.
அதன் வயிற்றில் செருகி, முகம் குப்புற,
திருப்பூரிலேயே வைத்துவிட்டு வந்ததாய்ச் சொன்ன
அந்த இரண்டாவது போன்.

தொண்ணூற்றாறு சதவீதம்.
பதினேழு மிஸ்டு கால்.

நான் ஒன்றும் பேசவில்லை.
சுவிட்சை மட்டும் தட்டினேன். புள்ளி ஒன்று.
போனை இருந்தபடியே குப்புற வைத்தேன்.

படுத்தபோது அவர் மூச்சு
தூங்குகிறவர் மூச்சாக இல்லை.
காற்றாலை உச்சியில் சிவப்பு விளக்கு
அணைவதும் எரிவதுமாய்
யார் வீட்டுக் கணக்கிலோ.

"மில்லுக்காரன் கூப்புடுவான்னு..." என்றார்
ரொம்ப நேரம் கழித்து, இருட்டைப் பார்த்து.

"பேசாம படுங்க," என்றேன்.
"பேசுனா சார்ஜு போயிரும்."