கோல்கீப்பரின் காலுறை

காரைக்குடி, செக்காலை ரோட்டில் என் கடை.
ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை,
மூன்று வருடமாக ஜெர்சியும்.
ஒரு வியாழக்கிழமை, கரண்ட் போய்வந்த நேரத்தில்
கோட்டையூர் டீம் செயலாளர் அந்தோணிராசு வந்தார்.
கையில் செல்போன்,
முகத்தில் ஸ்பான்சர் கிடைத்த களை.

'இதே மாதிரி போட்டுக் குடும்மா.'
திரையில் இரண்டு சிவப்புக் காளைகள்,
பின்னால் மஞ்சள் வட்டம்.
மோதுவதற்கு ஒரு விரற்கடை முன்னால்
நிரந்தரமாக நின்றுபோயிருந்தன.
ஆஸ்திரியாவாம். சால்ஸ்பர்க்காம்.
தொடர்ந்து பத்து வருடம் சாம்பியனாம்.
'நமக்கு ஜோடிக்காளை முறுக்குக் கம்பி குடுக்குறாங்க.
காளைக்குக் காளை சரியாப்போச்சு.'

சிராவயல் பொட்டலில் காளை பார்த்து வளர்ந்தவள் நான்.
அங்கே மாடும் மாடும் முட்டிப் பார்த்ததில்லை.
அவிழ்த்துவிட்டால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு
திரும்பிப் பாராமல் ஓடும், அவ்வளவுதான்.

கொம்பைத் தடமெடுத்துக்கொண்டே தேடிப் படித்தேன்.
அந்தக் கிளப் பிறந்தது 1933இல்.
உடுத்தியது கத்தரிப்பூவும் வெள்ளையும்.
2005இல் ஒரு பானக் கம்பெனி வாங்கிற்று.
பெயர் போனது, சின்னம் போனது,
சட்டை சிவப்பாயிற்று.
இது புதுக் கிளப், முன்கதை கிடையாது என்றார்களாம்.
கால்பந்துச் சங்கம் ஒப்பவில்லை;
பிறந்த வருடம் மட்டும் பிழைத்தது.
எங்கள் நிறம் எங்கே என்று ரசிகர்கள் கேட்க,
பேசிப் பேசிக் கடைசியில் தர முன்வந்தது
கோல்கீப்பரின் காலுறை,
அதுபோல இன்னும் ஒன்றிரண்டு.

மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
எட்டுக்கட்டு வீட்டைப் பாகம் பிரித்து
ஒருத்தனுக்கு மட்டும்
சன்னல் கொக்கியைக் கழற்றிக் கொடுத்தமாதிரி.

அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.
விலகிப்போய்ச் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கி
கத்தரிப்பூ உடுத்தி
ஏழாம் படியிலிருந்து ஏறினார்கள்.
சிவப்போ ஜெயித்துக்கொண்டே இருந்தது.
ஐரோப்பியப் போட்டிக்குப் போகும்போது மட்டும்
விதிக்குப் பயந்து
ஒரு காளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறதாம்.
ஒற்றைக் காளை எதை முட்டும்?

'இதுல யாருக்கா சரி?'
ஹீட் பிரஸ்ஸிலிருந்து நாச்சம்மை கேட்டாள்.
தெரியவில்லை.
பத்துக் கோப்பையும் பொய்யில்லை.

கோட்டையூர் டீமுக்கும் கத்தரிப்பூதான்.
பெரிய காரணமெல்லாம் இல்லை.
பதினோரு வருடத்துக்கு முன்னால்
ஒரு கல்யாணப் பந்தலில் துணி மிஞ்சியது.
அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு இறங்க,
எதிர் டீம் 'கத்தரிக்கா' என்றது.
ஒட்டிக்கொண்டது.

அச்சுக்காரிக்குத் தெரிந்தது ஒன்று உண்டு.
சிவப்புக்கும் கத்தரிப்பூவுக்கும் அடியில் ஓடுவது
ஒரே மெஜந்தா.
மஞ்சளோடு சேர்ந்தால் அது, நீலத்தோடு சேர்ந்தால் இது.
யாரோடு சேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் என்று
பெரிதாக ஏதோ சொல்ல வந்தது.
பிரிண்டர் பேப்பர் கடித்துவிட்டது. எழுந்து போனேன்.

அந்தோணிராசுவிடம் போனில் கேட்டேன்:
'கீப்பர் காலுறை என்ன கலர்ண்ணே?'
'அது உங்க கடையில விக்கிறதில்லையேம்மா.
காசிலிங்கம் மூணு வருசமா ஒரே சோடிதான் போடுறான்.
கட்டைவிரல்ல ஓட்டை வேற.'
'என்ன கலர்?'
கொஞ்ச நேரம் யோசித்தார்.
'வெளுத்துப்போச்சு.'

தேவகோட்டையில் ஆட்டம். நானும் போயிருந்தேன்.
பதினோரு பேருக்கும் முதல்முறையாகப் புது பூட்ஸ்.
கம்பிக் கம்பெனிக்காரர் வாங்கித் தந்தது.
அதையும் சொல்லவேண்டும்.
நெஞ்சில் என் காளைகள்
வியர்வையில் நனைந்து
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.
இரண்டு வாங்கி மூன்று போட்டார்கள்.
மூன்றாவது விழுந்தபோது கூட்டம் எழுந்து கத்தியது:
'அடிச்சான்டா கத்தரிக்கா!'
கம்பிக்காரர் பக்கத்து ஆளிடம் குனிந்தார்:
'யாரைச் சொல்றாக?'
அந்த ஆள் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு செட். ஜிஎஸ்டியோடு பில் போட்டேன்,
ஜோடிக்காளை பெயருக்கு.
கம்ப்யூட்டரில் கோப்பு இன்னும் கிடக்கிறது:
கத்தரி_சிவப்பு_கடைசி_2.