நாலாவது மீட்டர்

குழித்துறைப் பாலம் தாண்டி
ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது அந்த வீடு.
கீழே இரண்டு, மேலே இரண்டு,
ஆறேகால் சென்ட்,
சித்திரையிலும் வற்றாத கிணறு.
அறுபத்திரண்டு லட்சம் சொன்னவர்கள்
இறங்கி இறங்கி நாற்பத்தேழில் நிற்கிறார்கள்.

"இப்பம் வாங்கணும் கேட்டியளா,
ஊரே பயந்து நிக்க நேரமாக்கும் நல்ல நேரம்"
என்கிறார் தரகர் வில்பிரட்.
ஓணத்துக்குப் பிறகு
ஒரு பத்திரமும் முடியவில்லை என்று
டீக்கடையில் அவர் சலித்துக்கொண்டபோது
அடுத்த பெஞ்சில் நான் இருந்ததைப் பார்க்கவில்லை.

கனகதாஸ் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டார்.
நாலு ஆறரை இருபத்தாறு.
வங்கித் தவணை முப்பத்தொன்று.
குறையும் ஐந்தை என் சம்பளத்தில் கொண்டுபோய் ஒட்டினார்.
வெள்ளையடிப்பு, மோட்டார், வீட்டுவரி என்று
ஏப்ரலின் முதுகு நிறைந்து
மேயின் முதுகுக்குப் போனார்.
"பன்னெண்டு வருஷம். பெறவு எல்லாம் சும்மா வாற பைசா."

கனகதாஸ் கூட்டுவது வர வேண்டிய வாடகையை.
நான் எடுப்பது ஓடிய கரண்டின் கணக்கை.
மின்வாரியத்தில் பதினாறு வருஷம்,
அந்தச் சரிவு என் பாதை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மூடிய கதவுகளின் வெளியே நின்று
உள்ளே நடந்ததை வாசிக்கிறேன்.

பிள்ளை பிறந்த வீடு சட்டென்று நூற்றெண்பதுக்கு ஏறும்.
மகளைக் கட்டிக்கொடுத்தால் முப்பது இறங்கும்.
துபாய்க்காரன் லீவில் வந்தால் ஏசி ஓடும்,
போன மறுநாள் மறுபடி ஃபேன்.
நர்சிங் பிள்ளைகள் குடியிருந்த மாடிகள்
காலேஜ் தன் ஹாஸ்டலைக் கட்டிய மாதமே
அணைந்தன.
சரிவில் மொத்தம் நாற்பத்தொரு மீட்டர்.
போன ஆடியில் ஒன்பது ஓடவில்லை.
இந்த ஆடியில் பதினாலு.
"வீடு வாடகைக்கு" என்று எழுதிய அட்டைகளில்
ஃபோன் நம்பரை மழை தின்றுவிட்டது.
திரும்ப எழுத ஒருவரும் வரவில்லை.

அந்த வீட்டின் நாலு மீட்டரும்
மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன.
முதலாவது, போன தடவை நின்ற எண்ணில்.
இரண்டாவதும்.
மூன்றாவதின் மூடிக்குள் பல்லி முட்டை.
நாலாவதில் மட்டும்
சிவப்புப் பொட்டு மினுங்குகிறது,
யோசித்து யோசித்து.
முப்பத்தெட்டு யூனிட்.
ஒரு பல்பு, ஒரு ஃபேன்,
சில ராத்திரி அந்த ஃபேனும் இல்லை.

"நாலும் காலி, சாவிய கையில தருவோம்"
என்றிருந்தார் வில்பிரட்.

தட்டினேன்.
புஷ்பபாய் திறந்தாள்.
அண்டியாபீஸில் முந்திரி உடைத்துக் கருத்த விரல்கள்.
வெள்ளை அட்டையை நீட்டினாள்,
கூடவே, நான் கேட்காமலே,
பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு முத்திரைத்தாள்.
ஒற்றி. இரண்டரை லட்சம்.
தவணை முடிந்து பதினோரு மாதம்.
"சார்ஜாவில இருந்து இன்னா தாறேன் இன்னா தாறேன்னு
சொல்லுதாரு அந்த ஜெயசிங்.
பைசா கைக்கு வந்தா
நான் நாளைக்கே எறங்கிருவேன் சாரே.
வீட்ட யாரோ பாக்க வாறாவன்னு கேள்வி.
யாரு, தெரியுமா?"

நான் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
நூறுக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை என்றேன்.
அது அவளுக்கும் தெரியும்.
படியிறங்கும்போது
கிணற்றை எட்டிப் பார்த்தேன், வாங்க வந்தவளைப் போல.
தண்ணீர் இருந்தது, அதில் பொய்யில்லை.

ராத்திரி மூன்று முறை அழைத்தார் வில்பிரட்.
நாளைக்குள் முன்பணம் தரணுமாம்,
கருங்கலிலிருந்து வேறொரு ஆள் வாறானாம்.
கனகதாஸ் பேனாவை மூடாமல் கேட்டார்,
"என்ன சொல்லட்டும்?"

எனக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது.
மாடியிலிருந்து ஆறு தெரியும்.
பதினாலு இருபதாகலாம், ஒன்பதுக்கும் திரும்பலாம்,
மீட்டர் போனதைத்தான் சொல்லும்.

"முதல்ல ஒரு ரெண்டரை எழுதுங்க" என்றேன்.
"யாருக்கு?"
"எழுதுங்க."

ஜூனைத் திருப்பினார்.
அதன் முதுகில் இடம் இருந்தது.