எட்டும் உயரம்

முழங்காலில்தான் நுழைகிறேன் வீடுகளுக்குள்.
மருத்துவமனை அட்டை தரையில் உரச,
பல்லிடையில் பென்சில்,
கையில் தையல்காரர் நாடா.
பதினான்கு மாதப் பிள்ளைக்கு
உலகம் எங்கே தொடங்குகிறது என்பது
நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

உலான்பாட்டரின் வடக்குச் சரிவு.
வட்டக் கூடாரங்கள், பலகை வேலிகள்,
நெஞ்சுவரை இறங்கும் கரிப்புகை.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே கதகதப்புக்கு ஒரே இடம், நடு.
அடுப்பும் அங்கே, பிள்ளையும் அங்கே,
தரையில் சம்மணமிட்டதுபோல்
மின்பானையும் அங்கே.
கொதிப்பது உப்பிட்ட பால்தேநீர்.
யாரைக் குறை சொல்ல, குளிரையா?

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
'தாயின் கவனக்குறைவு: ஆம், இல்லை.'
முதல் வாரம் பென்சிலால் அடித்தேன்.
அடுத்த வாரம் பேனாவால்.
மூன்றாம் வாரம் பேராசிரியர் பத்பிலெக்
அச்சிலிருந்தே அதை எடுத்துவிட்டார்,
ஒன்றும் சொல்லாமல்.

"கண்ணிமைக்கும் நேரம்தான்" என்கிறார்கள் எல்லோரும்.
இமைக்கும் நேரத்தை அளக்க என்னிடம் ஒன்றுமில்லை.
பானையின் விளிம்பை அளக்கலாம்:
இருபத்தேழு சென்டிமீட்டர்.
எழுந்து நிற்கப் பழகிய கை எட்டும் உயரம்
எண்பத்து நான்கு.
இடையில் கிடக்கும் ஐம்பத்தேழில்தான்
ஆறாவது வார்டு நிரம்புகிறது.

உயங்காவின் கூடாரத்தில்
பதில் சொன்னது உயங்கா அல்ல.
அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை,
பகலில் பேச்சின் பாதியிலேயே உறங்கிவிடுவாள்.
மூத்தவன் கன்சோரிக், பதினைந்து வயது.
அன்று தேநீர் வைத்தவன்.
'உடனிருந்தவர்: தாய், தந்தை, பிறர்.'
அவன் 'பிறர்' கட்டத்துக்குள் விழுந்தான்.

கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தான்.
அடுப்பில் சாணவறட்டி போடக் கை நீட்டியபோது
சட்டைக் கை மேலேறியது.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
சுருங்கிய பாலாடைபோல் தோல்.
எந்தப் பதிவேட்டிலும் இல்லை அது.
அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவன்
தம்பியைத் தூக்கிக்கொண்டல்லவா வந்தான்,
தன்னைக் காட்டவா வந்தான்?

வசந்தத்துக்கு முன் ஓர் இரும்புச் சட்டம் செய்தோம்.
நான்கு கால், மேலே பானைக்குக் குழி.
ஒரு வீட்டில் அதில் பூட்ஸ் காய்ந்தது.
ஒரு வீட்டில் டிவி ஏறி உட்கார்ந்தது.
இன்னொரு வீட்டில் கணவர் சொன்னார்:
அழகாகத்தான் இருக்கிறது, எங்கள் கதவுக்குள் நுழையாது.
இரவெல்லாம் போட்ட வரைபடத்தில்
கதவை நாங்கள் வரையவே இல்லை.

கன்சோரிக் அதை ஒருமுறை சுற்றிவந்தான்.
முதன்முதலாக வாய் திறந்தான்:
"பானையை மேல ஏத்திட்டீங்க.
வாலை மட்டும் கீழ தொங்க விட்டிருக்கீங்க."

வயர்.
நான்கு பட்டங்கள் பெற்ற நாங்கள் ஐந்து பேர்
அந்த வயரைப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பட்டறையில்
பழைய சேணக் கொக்கி ஒன்றைக் கெஞ்சி வாங்கி,
சட்டத்தின் பின்காலில் பற்றவைத்து,
வயரை அதில் மூன்று சுற்றுச் சுற்றினான்.
கட்டுரையில் அது 'களத்தில் கிடைத்த திருத்தம்'.
என் குறிப்பேட்டில் அதற்குப் பெயர் உண்டு, வயது உண்டு,
கூடவே புதிதாக ஒரு வரி:
வலது முன்கை, பதினைந்து, சிகிச்சை பெறவில்லை.

எண்ணிக்கை குறைந்ததா என்று கேட்கிறார்கள்.
ஒரு குளிர்காலம் போதாது சொல்வதற்கு.
ஆறாவது வார்டில் நேற்றும் ஒருத்தி வந்தாள்,
இன்னும் சட்டம் போய்ச் சேராத தெருவிலிருந்து.

இன்று காலை போன்.
"அக்கா, ஒத்கோன் பெட்டியை இழுத்துப் போட்டு
ஏறக் கத்துக்கிட்டான்."
பெருமையா, பயமா,
அந்தக் குரலில் பிரித்தறிய முடியவில்லை.

"பெட்டி எவ்வளவு உயரம்?"

"பொறுங்க" என்றான்.
தரையில் அவன் முழங்கால் படும் ஓசை.
பல்லிடையில் பென்சிலோடு
காத்திருக்கிறேன்.