சர்க்கரைப்பாகு

கோஹ்ட்லா-யார்வே. இரவு முறை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சாம்பல் மேட்டில் விழும் பனி
விழுந்த கையோடு கறுக்கிறது.

மூன்றாம் தொட்டி மேல் குனிந்து முகர்கிறேன்.
மானி பிறகு. முதலில் மூக்கு.
ஈர மண் வாசம் வந்தால் உயிரோடு இருக்கின்றன.
தார் நெடி அடித்தால் தொலைந்தோம்.

பாறையைச் சுட்டு எண்ணெய் எடுக்கும் ஆலை
கழுவிய நீரை எங்களிடம் தள்ளிவிடும்:
கடுந்தேநீர் நிறம், நிறையப் பீனால்.
மீன்குஞ்சு ஒரு நிமிடம் தாங்காது.
இவற்றுக்கு அதுதான் சோறு.
பழுப்புக் கூழாய்ச் சுழன்று சுழன்று தின்னும்
கோடானுகோடி பாக்டீரியா, முகம் இல்லாமல்.
நூல் நூலாய்த் தொங்கும் வெள்ளைச் சவ்வு
தெளிந்த நீரை மட்டும் வெளியே விடும்;
தின்கிறவர்களை விடாது.
பந்தியை விட்டு ஒருவரும் எழ முடியாது.

போன டிசம்பரில் உலை பழுது.
பத்தொன்பது நாள் விஷமே வரவில்லை.
தொட்டி மெலிந்தது.
பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை எனக்கு.
கிடங்கிலிருந்து சர்க்கரைப்பாகு கொண்டுவந்து
வாளி வாளியாய் ஊற்றினேன்.
யார் கையெழுத்தும் வாங்கவில்லை.
என்ன கொழுப்பு! நுரை கைப்பிடி வரை ஏறியது.
குறிப்பேட்டில் ‘நலம்’ என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

இருபதாம் நாள் உலை எரிந்தது. விஷம் வந்தது.
அவை அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

விடிவதற்குள் தார் நெடி.
வெளிவாயை அடைத்துவிட்டு ஊர்மாஸை எழுப்பினேன்.
“எதைக் கொடுத்தாய், ரயீசா?”
சொன்னேன்.
போனில் அவன் மூச்சு மட்டும் வெகுநேரம்.
பிறகு, “கார் ஓடுமா?” என்றான்.

நாற்பது கிலோமீட்டர். அடுத்த ஆலையின் கூழ்
நான்கு பால்கேன்களில்.
பின்னிருக்கையில் வைத்து பெல்ட் போட்டு
என் கம்பளியைப் போர்த்தி
ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன்.
முயல் ஒன்று குறுக்கே பாய்ந்தபோது
கால் பிரேக்கில்,
ஒரு கை தானாகப் பின்னால் போய்
மூடியைப் பிடித்துக்கொண்டது.

இன்று மறுபடியும் உலை அணைந்திருக்கிறது.
பாகுப் பீப்பாய் அதே மூலையில்.
முகமூடி மாட்டிக்கொண்டு நான்
பீனாலைச் சொட்டுச் சொட்டாய் விடுகிறேன்.
பசியாற அல்ல.
மறந்துவிடாமல் இருக்க.

மணி மூன்று. முகர்ந்தாயிற்று. மண்தான்.
தேநீர் ஊற்றிக்கொள்கிறேன்.
சர்க்கரை இரண்டு கட்டி. கொஞ்சம் யோசித்து
மூன்றாவதும்.