கறை படிக்கிறவள்

ஃபுன்ஷால் துறைமுகத்துக்கு மேலே
மலைச்சாலையின் மூன்றாவது வளைவில்
எங்கள் சலவைக்கூடம்.
இருபத்திரண்டு வருடமாகச்
சதுரக் கைத்துணிகளில்
பிறர் சாப்பிட்டதைப் படித்து வருகிறேன்.

எண்பது பேர் போகிற சின்னக் கப்பல்
பதினைந்து நாளுக்கொருமுறை மூட்டை அனுப்பும்.
பெரியதற்குத் தன் வயிற்றுக்குள்ளேயே சலவை.
அதன் கொதிகலன் பழுதான ஒரு பிப்ரவரியில்
லாரி லாரியாய் எங்களிடம் வந்து கொட்டியது.
ஒன்பதாயிரம் துணி.

எல்லாம் ஒரே கறை.
தக்காளி, சாக்லேட், திரும்பத் தக்காளி.
மூவாயிரம் பேரும் ஒரே வாயைத்
துடைத்துக்கொண்ட மாதிரி.
ஆனாலும் ஒன்றில் மட்டும்
ஏதோ நூடுல்ஸ் குழம்பின் மஞ்சள்,
விடிவதற்கு முன் கடைசியாகக் கூடையில் விழுந்த துணி.
தூக்கம் வராத யாரோ ஒருவருக்கு
அந்த நேரத்திலும் அடுப்பெரிந்திருக்கிறது.
அதைச் சோப்பில் போடக்
கொஞ்ச நேரம் மனம் வரவில்லை.

சின்னதின் துணிகள் வாயாடிகள்.
குங்குமப்பூ, கணவாய் மை,
ஒரே மூலையில் இரண்டு வகைச் சிவப்பு ஒயின்:
எது பிடிக்கிறது என்று
பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள்.
பணியாள் அமாடேயு மூட்டையோடு தானே வருவான்.
"பதினொன்றாம் அறை அம்மாளுக்குக்
கஞ்சி விறைப்பு ஆகாது,
உதடு சிவந்துவிடும்" என்பான்.
போன நவம்பரில் அவர்கள் சமையற்காரனுக்குப் பல்வலி.
ஒன்பது நாள் எல்லாத் துணியிலும்
அதே உருளைக்கிழங்கு.
சின்னக் கப்பலில்
கோபித்துக்கொண்டு எழுந்து போக
வேறு மேசை கிடையாது.

முழங்கால் போனதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில்
எட்டு இரவு எங்காவது போய்வரலாம் என்றேன்.
சீட்டு விற்கிறவன் கணக்குப் போட்டான்:
சின்னதற்கு இரண்டு மடங்குக் காசு,
பிறகு காபிக்குக்கூடக் கை நீட்டமாட்டார்கள்.
பெரியதில் ஏறுவது மலிவு,
நல்ல மீனுக்குத் தனிக் கதவு, தனிக் காசு.
இஸ்திரி மேசைக்கு எதிர்ப்புறம் ஜெனோவேவா
ஒரே பிடி, சின்னதுதான் என்று.
"பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
உனக்கு வெங்காயம் ஆகாதென்பது
இரண்டாம் நாள் கப்பலுக்கே தெரிந்துவிடும்.
ராணி மாதிரி இருக்கலாமடி."

பேர் சொல்லி.
டொமிட்டிலா, இந்தக் கறை போகவில்லை.
டொமிட்டிலா, ஆறு மணிக்குள் வேண்டும்.
டொமிட்டிலா, உன்னை நம்பித்தானே.
தீவு முழுக்க என் பேரை
விசில் மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறது.
அமாடேயு எனக்கு நாற்காலி இழுத்துவிட்டால்
நான் அவன் சட்டைக் காலரைத்தான் பார்ப்பேன்,
அழுக்கு ஏறியிருக்கிறதா என்று.

பெரியதிலேயே போனேன்.
ஜன்னல் இல்லாத அறை.
தட்டோடு வரிசையில் நின்றேன்.
வெந்தது கொஞ்சம், வேகாதது கொஞ்சம்,
பார்த்தால் முலாம்பழம், கடித்தால் தண்ணீர்.
இறைச்சியில் உப்பில்லை.
யாரிடமும் சொல்லவில்லை;
சொல்வதற்கு யாரையும் தெரியாது,
அதுவே பசியாற்றியது.
தட்டெடுக்க வந்த பையன்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் அவன் மார்புப் பட்டையைப்
படிக்கக் கூடாதென்றிருந்தேன்.
பழக்கதோஷம், படித்துவிட்டேன்: ருஸ்மான்.
கூப்பிடவில்லை.
அன்றைக்கு அதை
எத்தனை பேர் ஊதியிருப்பார்களோ.

ஐந்தாம் இரவு, மூன்று மணிக்கு விழிப்பு.
படியேறிப் போனேன்.
அடுப்பெரிந்துகொண்டிருந்தது.
மஞ்சள் குழம்பு, தொண்டை சுடும் சூட்டில்.
மடியில் விரித்த துணியின் மூலையைத் திருப்பினேன்.
எங்கள் சலவைக் குறி இல்லை. நல்லது.
ஓரத்தைத்தான் யாரோ
கோணலாய் இஸ்திரி போட்டிருந்தார்கள்.
தடவித் தடவி நேராக்கினேன்.
பிறகு, வேண்டுமென்றே,
கொஞ்சம் சிந்தினேன்.